பச்சைக்குள் இருக்கும் பச்சைகள்: தோட்டத்துப் படங்களில் நிறம் வராதபோது

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, தான் பிறந்து வளர்ந்த தோட்டத்து லயத்து வீடுகளை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்க் கைப்பேசியில் நாற்பது படம் எடுத்து வந்தார். மறுநாள் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். "நான் நின்னு பார்த்தப்போ இப்படி இல்ல தம்பி. மண்ணு செவசெவன்னு இருந்துச்சு. மரமெல்லாம் ஒவ்வொண்ணும் ஒரு பச்சை. இதுல எல்லாம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கு."

அக்கா சொன்னது சரிதான். நம் கண் ஓரிடத்தில் கொஞ்ச நேரம் நின்றாலே அந்த வெளிச்சத்துக்குப் பழகிவிடும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பச்சைகளை ஒப்பிட்டு, அவற்றின் வித்தியாசத்தைப் பெரிதாக்கிக் காட்டும். கேமரா அப்படிச் செய்யாது. வந்த ஒளியை எண்ணாக எழுதி வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஆக, அக்கா பார்த்த நிறங்கள் பெரும்பாலும் அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றுக்கு இடையே உள்ள இடைவெளி சிறியதாக இருக்கிறது, அல்லது ஏதோ ஒன்று மேலே மூடிக் கிடக்கிறது. எது மூடியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. அதைப் பார்க்காமல் சாச்சுரேஷனை (நிறச் செறிவை) ஏற்றினால், மூடியிருப்பதற்கும் சேர்த்துச் சாயம் ஏறும்.

தொடங்கும் முன் இரண்டு விஷயம். மூலப் படத்தை எப்போதும் தொடாமல் வைத்து, நகலில் வேலை செய்யுங்கள். இனி எடுக்கப்போகும் படங்களை, உங்கள் கைப்பேசியில் 'புரோ' முறை இருந்தால், ரா கோப்பாக (கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் கோப்பு) எடுங்கள். ஜேபெக் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள்தான் உண்டு. 12 பிட் ரா கோப்பில் 4096, 14 பிட்டில் 16,384. ஒளிந்திருக்கும் நிறத்தைப் பிரித்தெடுக்க அந்தப் படிகள்தான் கை கொடுக்கும். ஜேபெக் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றாலும் கவலை வேண்டாம். அக்காவின் நாற்பது படமும் ஜேபெக்தான்.

எல்லாம் ஒரே பச்சையாக இருக்கிறது

தோட்டத்துப் படங்களில் அதிகம் வரும் புகார் இது. செம்பனை வரிசையை நேரில் பாருங்கள். கீழ்மட்டை பழுப்பேறித் தொங்கும். நடுமட்டை கரும்பச்சை. உச்சியில் விரியாத குருத்து வெளிர்மஞ்சள். தண்டில் ஒட்டி வளரும் பெரணிக்கு ஒரு பச்சை, அடியில் படர்ந்த கொடிக்கு இன்னொரு பச்சை, ஓரத்து லாலான் புல்லுக்கு வெளுத்த பச்சை. படத்தில் இவை எல்லாம் ஒரே போர்வையாகிவிடும்.

சாச்சுரேஷன் இங்கே உதவாது. ஆறு பச்சையையும் ஒரே அளவில் தூக்கும், முடிவில் பிளாஸ்டிக் இலை போல ஆகிவிடும். நமக்கு வேண்டியது ஒரு பச்சைக்கும் அடுத்த பச்சைக்கும் நடுவில் இடைவெளி. அதற்கு நான் நம்பிப் போவது லேப் முறை. 1976இல் வகுக்கப்பட்ட இந்த நிற அமைப்பு, ஒரு படத்தின் வெளிச்சத்தைத் தனியாகவும் நிறத்தைத் தனியாகவும் பிரித்து வைக்கிறது. எல் என்பது வெளிச்சம் மட்டும். ஏ என்பது பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் நடுவே ஓடும் கோடு. பி என்பது நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஓடும் கோடு. ஏ, பி இரண்டிலும் நடுப்புள்ளியில் நிற்பது எந்த நிறமும் இல்லாத சாம்பல்.

இதில் என்ன வசதி என்றால், ஏ-வுக்கு எடிட்டர் காட்டும் சாய்ந்த வரைகோட்டை (கர்வ்ஸ்) நடுப்புள்ளி நகராமல் இன்னும் செங்குத்தாக்கினால், சிமெண்டு சிமெண்டாகவே நிற்கும். பச்சை இன்னும் பச்சைப் பக்கம் போகும். தண்டின் பழுப்பு சிவப்புப் பக்கம் விலகும். பி வரைகோட்டைச் செங்குத்தாக்கினால் குருத்து மஞ்சளுக்கு நகரும், வானத்தைப் பிரதிபலிக்கும் கரும்பச்சை மட்டை நீலத்துக்கு நகரும். வெளிச்சத்தில் கைவைக்காததால் நிழலும் வெளிச்சமும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

செய்வது எப்படி? ஃபோட்டோஷாப்பில் படத்தின் 'மோட்' பகுதியில் லேப் கலரைத் தேர்ந்து, கர்வ்ஸைத் திறந்து, ஏ சேனலில் கீழ் முனையை 10 சதவீதம் உள்ளே, மேல் முனையை அதே 10 சதவீதம் உள்ளே இழுங்கள். பி சேனலிலும் அப்படியே. இது நிற வித்தியாசத்தை 1.25 மடங்காக்கும். 25 சதவீதம் இழுத்தால் 2 மடங்கு. இரண்டு முனையையும் ஒரே அளவு இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுப்புள்ளி நகர்ந்து படம் முழுக்கச் சாயம் ஏறிவிடும்.

காசு கொடுக்க வேண்டாம் என்பவர்களுக்கு கிம்ப் இருக்கிறது. நிறப் பட்டியலில் 'டீகம்போஸ்' போய் லேப் என்று கொடுத்தால் மூன்று சாம்பல் லேயர்கள் வரும். ஏ லேயரிலும் பி லேயரிலும் லெவல்ஸ் திறந்து, கீழ் எண் 26, மேல் எண் 229 என்று வைத்து, பிறகு 'ரீகம்போஸ்' கொடுங்கள். அதே வேலைதான். டார்க்டேபிளில் 'கலர் கான்ட்ராஸ்ட்' என்ற பகுதியில் இந்த இரண்டு கோட்டுக்கும் இரண்டு ஸ்லைடர் தனியாகவே இருக்கிறது. ராதெரபியிலும் லேப் கர்வ் உண்டு.

கைப்பேசியிலேயே முடிக்க வேண்டும் என்றால் லைட்ரூமின் கலர் மிக்ஸ் போதும். இங்கே பலர் தவறுவது ஒன்று உண்டு. இலை பச்சையாகத் தெரிகிறது என்று பச்சை ஸ்லைடரையே நகர்த்திக்கொண்டிருப்பார்கள், ஒன்றும் மாறாது. இலையின் நிறத்தில் பெரும்பகுதி மஞ்சளில் இருக்கிறது. மஞ்சளின் 'ஹியூ'வை (நிறச் சாயலை) கொஞ்சம் ஆரஞ்சுப் பக்கமும், பச்சையின் ஹியூவைக் கொஞ்சம் நீலப்பச்சைப் பக்கமும் தள்ளுங்கள். பத்து, பதினைந்து புள்ளி போதும். இரண்டும் எதிரெதிரே விலகும்போது குருத்தும் மட்டையும் தனித்தனியாக எழுந்து வருவதைப் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் எனக்கு அது சந்தோஷமாக இருக்கிறது.

எந்த வழியில் செய்தாலும் மாற்றத்தைத் தனி லேயரில் செய்து, கடைசியில் அதன் அடர்த்தியைப் பாதியாகக் குறையுங்கள். ஐந்து நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் பழகிவிடும், அதிகமாகப் போனது தெரியாது. எழுந்து போய்த் தேநீர் ஆற்றிக் குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

ரப்பர் மரத்துக்கு இதை ஒருமுறை செய்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் பால்மரம் இலை உதிர்க்கும். உதிரும் முன் இலை மஞ்சளும் துரு நிறமுமாக மாறும். புது இலை பச்சையாக வராது, செம்பு நிறத்தில் பளபளவென்று வரும். ஒரே நிரையில் பழுத்த மரம், மொட்டை மரம், செம்புத் தளிர் விட்ட மரம் மூன்றும் நிற்கும் வாரங்கள் உண்டு. கோலகங்சாரில் 1877இல் நட்ட முதல் ரப்பர் கன்றுகளின் வழியில் வந்த ஒரு நிலக்காட்சி இது. இப்போது நம் வட்டாரத்தில் குறைந்துகொண்டே வருகிறது. அதைச் சாம்பலாக விட்டுவிடாதீர்கள்.

இலை வெளிறி, நிழல் ஊதாவாக இருக்கிறது

இது ஆட்டோ ஒயிட் பேலன்ஸின் வேலை, அதாவது வெளிச்சத்தின் நிறச்சாய்வைக் கேமரா தானே ஈடுசெய்யப் பார்ப்பது. பல கேமராக்கள் ஒரு காட்சியின் மொத்த நிறத்தையும் சராசரி எடுத்தால் சாம்பல் வர வேண்டும் என்ற கணக்கில்தான் தொடங்குகின்றன. சட்டம் முழுக்கச் செம்பனை என்றால் சராசரி பச்சையாகத்தான் வரும். கேமரா அதைத் தவறு என்று எடுத்துக்கொண்டு மெஜந்தாவைக் கலந்துவிடும். செம்மண் சாலை சட்டத்தை நிறைத்தால் இதே கணக்கு மறுபக்கம் போகும். நீலம் கலந்து, செம்மண் சாக்லேட் தூள் போல ஆகிவிடும். அக்காவின் "செவசெவன்னு இருந்த மண்ணு" காணாமல் போனது இப்படித்தான்.

சரிசெய்ய, டின்ட் ஸ்லைடரைப் பச்சைப் பக்கம் கொஞ்சமாக நகர்த்துங்கள். பிறகு டெம்பரேச்சரைப் பாருங்கள். நேர் வெயிலுக்கு 5500 கெல்வின் அளவு, மரநிழலுக்கு 7000-லிருந்து 8000 வரை. மதிப்புப் பிடிபடவில்லை என்றால், சாம்பல் நிறமாக இருக்க வேண்டிய ஒன்றைப் படத்தில் தேடி ஐட்ராப்பரால் தொடுங்கள். சிமெண்டுக் கால்வாய், கோயில் மதிலின் சுண்ணாம்பு, கான்கிரீட் கம்பம் நல்லவை. தகரக் கூரையைத் தொடாதீர்கள். அது வானத்தின் நீலத்தை அப்படியே ஏந்திக்கொண்டிருக்கும். அதைச் சாம்பலாக்கச் சொன்னால் படம் முழுக்க மஞ்சளாகிவிடும். நீங்கள் தொடும் இடமும் உங்கள் பொருளும் ஒரே வெளிச்சத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். நிழலில் இருக்கும் கால்வாயை வைத்து வெயிலில் இருக்கும் சாலையைத் திருத்த முடியாது.

செம்மண்ணின் சிவப்பு அதில் இருக்கும் இரும்பு ஆக்சைடால் வருவது. ஒயிட் பேலன்ஸ் சரியாகிவிட்டால் அது தானாகவே திரும்பி வரும், பெரும்பாலும் வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை. மழை விட்டதும் எடுத்த படமாக இருந்தால் இன்னும் நன்றாக வரும். ஈர மண் ஒளியைச் சிதறவிடாது, நிறம் ஆழமாக இருக்கும்.

வானம் வெள்ளைக் காகிதமாக இருக்கிறது

முதலில் ஹிஸ்டோகிராமைத் திறந்து பாருங்கள். இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்று படத்தின் ஒளி அளவைக் காட்டும் வரைபடம் அது. மூன்று நிறமும் வலது சுவரில் முட்டி நின்றால் அங்கே தகவல் இல்லை. ரா கோப்பாக இருந்தால் ஹைலைட்ஸைக் குறைக்கும்போது கொஞ்சம் திரும்பலாம். ஜேபெக் என்றால் வராது. வேறொரு நாளின் நீல வானத்தை வெட்டி ஒட்டும் வசதி இப்போது பல செயலிகளில் வந்துவிட்டது. நான் அதைச் செய்வதில்லை. நம் ஊரின் ஈரக்காற்றில் வெள்ளை வானம்தான் பாதி நாள் உண்மை. வானத்தைக் குறுக்கி வெட்டிவிட்டு மண்ணுக்கு இடம் கொடுங்கள்.

அடுத்த முறை நேரத்தைக் கவனியுங்கள். தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1 முதல் அரைமணி முன்னே நகர்த்தப்பட்டது. பேராக்கில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு இல்லை, ஏறக்குறைய 1:15க்கு. பதினொன்றிலிருந்து மூன்றரை வரை வெளிச்சம் தலைக்கு நேர் மேலிருந்து அடிக்கும், மட்டைகள் எல்லாம் கண்ணாடி போல மின்னி நிறத்தை மறைக்கும். அந்த மினுக்கத்தைப் பின்னால் எடிட்டிங்கில் எடுக்க முடியாது. லென்ஸில் போலரைசர் (மினுக்கத்தைத் தடுக்கும் வடிகட்டி) போட்டிருந்தால்தான் உண்டு. காலை எட்டரைக்கு முன் போங்கள், எக்ஸ்போஷரை (படம் வாங்கும் ஒளியின் அளவை) ஒரு படி குறைத்து எடுங்கள்.

தூரத்து மலை நீலச்சாம்பலாகக் கரைந்துவிட்டது

காலைப் பனி என்றால் விட்டுவிடுங்கள், அதுவே அந்தப் படத்தின் நிறம். 2015, 2019 ஆண்டுகளில் வந்ததைப் போன்ற புகைமூட்டமோ பகல் நேரத்து ஈரப்புகையோ என்றால் சரிசெய்யலாம். மூட்டத்தைக் குறைக்கும் டீஹேஸ் ஸ்லைடரை 20-க்கு மேல் கொண்டு போகாதீர்கள். அதைத் தாண்டினால் மலைக்கும் வானத்துக்கும் நடுவில் ஒளிவட்டம் விழும், கிட்டத்து மரங்கள் கறுத்துவிடும்.

அதைவிடச் சுத்தமான வழி கர்வ்ஸில் ஒவ்வொரு நிறத்தையும் தனியாகத் திருத்துவது. மூட்டம் ஒளியைச் சிதறடித்து இருட்டான பகுதிகளின் மேல் ஒரு மெல்லிய நீலத் திரையைப் போடுகிறது. அதனால் நீலச் சேனலின் ஹிஸ்டோகிராம் இடது சுவரைத் தொடாமல் தள்ளித் தொடங்கும், சிவப்பு கொஞ்சம் கிட்டத்தில் தொடங்கும். ஒவ்வொரு சேனலின் கறுப்பு முனையையும் அதன் ஹிஸ்டோகிராம் தொடங்கும் இடம் வரை இழுத்து வாருங்கள். திரை விலகும். தூரத்து மலைக்கு மட்டும் மாஸ்க் (மாற்றம் ஒரு பகுதியில் மட்டும் விழச் செய்யும் மறைப்பு) போட்டுச் செய்தால் முன்னால் உள்ள மரம் பாதிக்கப்படாது.

சுண்ணாம்புக் குன்று வெறும் சாம்பலாக இருக்கிறது

ஈப்போவிலிருந்து வடக்கே ரயிலில் வந்திருந்தால் இந்தக் குன்றுகளைப் பார்த்திருப்பீர்கள். பாடாங் ரெங்காஸ் பக்கத்தில் குனோங் போண்டோக் ஒன்று தனியாக எழுந்து நிற்கும். பாறையின் நிறம் சாம்பல் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். கிட்டே போய்ப் பாருங்கள். மழைநீர் வழிந்த கோடுகளில் இரும்புத் துரு ஆரஞ்சாக இறங்கியிருக்கும். ஈரம் நிற்கும் இடங்களில் பாசி கறுத்திருக்கும். புதிதாக உதிர்ந்த இடம் பாலின் வெண்மை. நிழல் விழுந்த மடிப்பில் வானத்தின் நீலம். இவை எல்லாம் சாம்பலுக்கு மிக அருகில், ஏ, பி கோட்டின் நடுப்புள்ளியை ஒட்டியே நெருக்கி உட்கார்ந்திருக்கின்றன.

மேலே சொன்ன அதே லேப் முறைதான். இங்கே மட்டும் துணிந்து 25 சதவீதம் வரை இழுக்கலாம், பாறைக்கு மட்டும் மாஸ்க் போட்டு. பி கோடுதான் அதிக வேலை செய்யும். துரு ஒரு பக்கமும் நிழல் மறுபக்கமும் பிரியும்போது, தட்டையாக இருந்த குன்று உருண்டு திரண்டு நிற்கும். நான் கொண்டுவந்த நிறம் ஒன்றும் அதில் இல்லை. ஓர் எச்சரிக்கை: நடுப்புள்ளி சரியாக இருந்தால்தான் இது நடக்கும். ஒயிட் பேலன்ஸில் சின்னச் சாய்வு இருந்தாலும் அதுவும் இரண்டு மடங்காகும். முதலில் ஒயிட் பேலன்ஸ், அப்புறம் லேப்.

செம்பருத்தி ஒரே சிவப்புக் கட்டியாக இருக்கிறது

சிவப்புச் சேனல் நிரம்பி வழிந்துவிட்டது. இதழின் மடிப்பும் நரம்பும் பச்சை, நீலச் சேனல்களில் மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். நாம் அதை மேலும் செறிவாக்கப் போனால் அதுவும் போய்விடும். சிவப்பின் சாச்சுரேஷனையும் வெளிச்சத்தையும் குறையுங்கள், மடிப்பு தெரியும். அந்திவானத்தில் சூரியனைச் சுற்றி மஞ்சள் வட்டம் விழுவதும், கோயில் கோபுரத்தில் சிவப்புச் சேலை கட்டிய சிலை தட்டையாக வருவதும் இதே கோளாறுதான்.

நிலம் நன்றாக வந்தது, ஆட்களின் முகம் கெட்டுவிட்டது

அக்காவின் படங்களில் ஒன்றில் அவருடைய பெரியம்மா லயத்து வாசலில் நிற்கிறார். லேப் முறை போட்டதும் மண் அழகாகச் சிவந்தது, பெரியம்மாவின் முகமும் சேர்ந்து செங்கல்லாகிவிட்டது. நம் மாநிறமும் செம்மண்ணும் ஆரஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஆகவே ஆட்களை மாஸ்க் போட்டு விலக்கிவிட்டுத்தான் நிலத்தைத் தொட வேண்டும். மாஸ்க் வசதி இல்லாத செயலியில் சாச்சுரேஷனுக்குப் பதில் வைப்ரன்ஸைப் பயன்படுத்துங்கள். அது ஏற்கெனவே செறிவான நிறத்தையும் தோல் நிறத்தையும் கொஞ்சம் விட்டுவைக்கும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கலர் மிக்ஸில் ஆரஞ்சின் 'லூமினன்ஸை' ஏற்றினால் முகம் வெளுக்கும். பலர் அதை அழகு என்று செய்கிறார்கள். ஐம்பது வருடம் வெயிலில் மரம் சீவிய முகத்தின் நிறத்தை வெளுத்துக் காட்ட எனக்கு மனம் வராது. அந்த ஸ்லைடரை அப்படியே விடுங்கள். முகம் இருட்டாக இருந்தால் முகத்துக்கு மட்டும் எக்ஸ்போஷரைக் கால் படி கூட்டுங்கள், நிறம் மாறாது.

நிழலைத் தூக்கினால் ஊதாப் புள்ளி, வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு

புள்ளி என்றால், நீங்கள் தூக்கும் இடத்தில் வெளிச்சமே போதவில்லை. கலர் நாய்ஸ் குறைப்பை ஏற்றுங்கள், தூக்குவதைப் பாதியில் நிறுத்துங்கள். பட்டை என்றால் படிகள் தீர்ந்துவிட்டன. வேலை தொடங்கும் முன்பே படத்தை 16 பிட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வானத்தை லேப் மாற்றத்திலிருந்து விலக்கிவிட்டாலே பாதித் தொல்லை தீரும்.

பழைய ஆல்பத்துப் படம் செக்கச்செவேலென்று இருக்கிறது

எண்பதுகளில் கழுவிய வண்ணப் படங்களில் இருட்டில் வைத்தாலும் நீலப்பச்சைச் சாயம் முதலில் போய்விடுவது வழக்கம். மிஞ்சுவது சிவப்பு. இதற்கு ஸ்கேனர்தான் நல்லது. கைப்பேசியில் எடுத்தால் மேசை விளக்கின் நிறமும் சேர்ந்துவிடும். ஸ்கேன் செய்யும்போது 'ஆட்டோ கலர்' எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பிறகு லெவல்ஸில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகத் திறந்து, இரண்டு முனைகளையும் ஹிஸ்டோகிராம் தொடங்கி முடியும் இடத்துக்கு உள்ளே இழுங்கள். சிவப்பில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். அதன் பிறகும் வானம் சற்று ரோஜாவாக இருந்தால் பரவாயில்லை.

என் திரையில் நன்றாக இருந்தது, அனுப்பினால் மங்குகிறது, அச்சில் கறுக்கிறது

மங்கினால், படத்தை அகன்ற நிறவெளியில் சேமித்திருப்பீர்கள். ஏற்றுமதி செய்யும்போது எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற பொதுவான நிறவெளியைத் தேர்ந்தெடுங்கள். அரட்டைச் செயலியில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் ஆவணமாக இணையுங்கள், சுருங்காது.

அச்சில் கறுத்தால், நீங்கள் வேலை செய்த திரை வெளிச்சமாக இருந்திருக்கிறது. வெளிச்சத்தைப் பாதியாக்கி, ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஏறக்குறைய ஒரே வெண்மையாகத் தெரியும் அளவுக்கு வையுங்கள். 8 அங்குலத்துக்கு 12 அங்குலம் என்றால் 2400க்கு 3600 பிக்சல் இருந்தால் போதும். மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொடுக்காமல், நடுவில் நான்கு அங்குலத் துண்டு ஒன்றை மட்டும் முதலில் அச்சடித்து வாங்கி, பகல் வெளிச்சத்தில் வாசலில் வைத்துப் பாருங்கள். அக்காவுக்கு நான் மூன்று துண்டு அச்சடித்தேன். மூன்றாவதைப் பார்த்துவிட்டு, "இந்த மண்ணுதான்" என்றார். அதையே பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன்.